காடி வாடை அடித்த பெட்டி: வெளிவராத மைக்ரோ கலெக்‌ஷன் மாதிரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வெளிவராத ஸ்டார் வார்ஸ் பொம்மைத் தொகுப்பு ஒன்றின் மாதிரிகள், அதாவது விற்பனைக்கு முன் பட்டறையில் செய்த முன்வடிவங்கள், இருந்த ஒரு பெட்டியைப் பற்றியது இது. சம்பந்தப்பட்டவர்களின் பெயர், ஊர், கைமாறிய விலை ஆகியவை இங்கே இல்லை. பொருட்களின் நிலையும் அளவுகளும் வேலை நடந்தபோது எழுதிய குறிப்புகளிலிருந்து எடுக்கப்பட்டவை.

பின்னணி

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம், சின்சினாட்டி நகரில் இருந்த கென்னர் நிறுவனம்தான் ஸ்டார் வார்ஸ் படங்களுக்கு முதலில் பொம்மை செய்தது. 1977-இல் படம் வந்தபோது கையில் சரக்கு இல்லை. அந்தக் கிறிஸ்துமசுக்கு உறையில் ஒரு சான்றிதழை வைத்து விற்று, பொம்மைகளை 1978-இல் அனுப்பியது. மூன்றே முக்கால் அங்குல உருவங்கள் அப்படித்தான் தொடங்கின.

1982-இல் அதே நிறுவனம் மைக்ரோ கலெக்‌ஷன் என்ற தனி வரிசையை இறக்கியது. உருவங்கள் ஏறக்குறைய ஓர் அங்குலம், உலோக வார்ப்பு. அவை நிற்பதற்கு நெகிழித் தளங்கள். ஹோத், பெஸ்பின், டெத் ஸ்டார் என்று மூன்று உலகங்கள், மொத்தம் ஒன்பது விளையாட்டுத் தொகுப்புகள். ஓர் உலகத்தின் தொகுப்புகளை ஒன்றோடொன்று கோத்துப் பெரிய காட்சியாக்கலாம் என்பதுதான் விற்பனை உத்தி. ஊர்திகளில் மில்லேனியம் ஃபால்கன் சியர்ஸ் கடைக்கும் ஸ்னோஸ்பீடர் ஜேசி பென்னி கடைக்கும் மட்டும் போயின. எதிர்பார்த்த விற்பனை இல்லாததால் வரிசை சீக்கிரமே நிறுத்தப்பட்டது. நிறுத்தும்போது அடுத்த சுற்றுக்கான தொகுப்புகள் பட்டறையில் பாதி வழியில் இருந்தன. சில வரைபடம், சில மெழுகு, சில பிசின் வார்ப்பு, சில உலோகத்தில் எடுத்த சோதனை வார்ப்பு. வெளிவராத மைக்ரோ மாதிரிகள் இப்படி எல்லா நிலையிலும் கிடைப்பதற்கு அதுதான் காரணம்.

அதன்பின் நிறுவனமே கை மாறிக்கொண்டிருந்தது. 1985-இல் ஜெனரல் மில்ஸிலிருந்து பிரிந்தது, 1987-இல் டோங்காவிடம் போனது, 1991-இல் டோங்காவோடு ஹாஸ்ப்ரோவிடம் சேர்ந்தது. 2000-இல் சின்சினாட்டி அலுவலகம் மூடப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் அலமாரிகள் காலியாயின, தூக்கி எறிய மனம் வராத ஊழியர்கள் சிலவற்றை வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். ஆகவே இந்தப் பொருட்களுக்கு ரசீது இருப்பது அபூர்வம், பெரும்பாலும் வாய்ச்சொல்தான்.

இந்த நிகழ்வில் வரும் சொற்கள் மூன்று. அசிட்டேட் என்றால் செல்லுலோஸ் அசிட்டேட் தகடுகளை அறுத்து, அராவி, ஒட்டிச் செய்த மூலம். அதன்மேல் சிலிக்கோன் அச்சு எடுத்து யூரித்தேன் பிசினில் வார்த்த படி ஹார்ட்காப்பி. உலோக அச்சு தயாரானதும் முதன்முதலாக எடுத்துப் பார்க்கும் சோதனை வார்ப்பு ஃபர்ஸ்ட் ஷாட். உருவங்களைப் பொறுத்தவரை இன்னொரு கட்டம் உண்டு: ஓரங்குலத்தில் நுணுக்கம் செதுக்க முடியாது என்பதால் நான்கு மடங்கு பெரிதாகச் செதுக்கி, பேன்டோகிராஃப் எந்திரத்தால் சிறிதாக்கி அச்சு வெட்டினார்கள். நான்கு மடங்கு மூலத்தைச் சேகரிப்பாளர்கள் ஃபோர்-அப் என்பார்கள்.

பெட்டி வந்த நிலை

ஒஹாயோவில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில், மூடி இறுக்கமாகப் பொருந்தும் நெகிழிப் பெட்டி ஒன்றை ஒருவர் வாங்கினார். பழைய பொம்மைகள் பற்றி அவருக்கு நல்ல பழக்கம் உண்டு, மாதிரிகள் பற்றி இல்லை. விற்ற குடும்பம் சொன்னது ஒரே வரி: வீட்டுப் பெரியவர் பொம்மை நிறுவனங்களுக்கு மூலம் செய்து கொடுத்த பட்டறையில் வேலை பார்த்தார், பெட்டி முப்பது வருடத்துக்கு மேல் பரணில் கிடந்தது.

உள்ளே இருந்தவை: இளம்பச்சை அசிட்டேட்டில் செய்த தளம் ஒன்று, அதே வடிவத்தில் சாம்பல் நிற ஹார்ட்காப்பி தளம் ஒன்று, வண்ணம் பூசாத உலோக உருவங்கள் ஏழு, பிசினில் வார்த்த ஃபோர்-அப் உருவம் ஒன்று, தளத்தின் பின்னால் செருகும் வண்ண அட்டை ஒன்று. ஹார்ட்காப்பியின் உட்புறத்தில் பென்சிலில் பெஸ்பின் என்று எழுதியிருந்தது. வடிவம் வெளிவந்த மூன்று பெஸ்பின் தொகுப்புகளில் எதனோடும் ஒத்துப்போகவில்லை.

மூடியைத் திறந்ததும் காடி வாடை மூக்கில் ஏறியது. உலோக உருவங்கள் ஐந்தின்மேல் உப்புப் பூத்தது போல வெள்ளைப் பொடி. அசிட்டேட் தளத்தின் இடதுபக்கச் சுவர் உள்நோக்கி வளைந்து, ஒட்டிய மூலையில் மயிரிழை விரிசல் விட்டிருந்தது.

உதவி கேட்பதற்கு முன்பே வாங்கியவர் இரண்டு காரியங்கள் செய்துவிட்டார். ஹார்ட்காப்பியின் அடிப்பக்க அழுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தார். அங்கே மார்க்கர் பேனாவில் எழுதிய எண் ஒன்று இருந்திருக்கிறது, அது பஞ்சோடு போனது. அடுத்து, ஏழு உருவங்களையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்துப் படம் எடுத்தார். எந்த உருவம் பெட்டியில் எங்கே கிடந்தது என்பதற்கு இனிச் சாட்சி இல்லை.

முதல் முடிவு: உண்மையா என்று கேட்காமல் பிரித்து வைத்தது

வாங்கியவரின் கேள்வி எல்லோரும் கேட்பதுதான்: இது அசலா, இல்லையா? அந்தக் கேள்வி தள்ளிவைக்கப்பட்டது. அசிட்டேட் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது. மூடிய பெட்டியில் அந்த ஆவி தங்கி, சிதைவை மேலும் முடுக்குகிறது. பக்கத்தில் இருக்கும் துத்தநாகக் கலவை உலோகத்தை அரிக்கிறது. வெள்ளைப் பொடி அதன் விளைவு. அசலோ போலியோ, பெட்டி மூடியிருக்கும் ஒவ்வொரு நாளும் பொருள் குறைந்துகொண்டிருந்தது.

அன்றே நான்கு வகையும் நான்கு இடத்துக்குப் போயின. அசிட்டேட் தளம் வேறு அறைக்கு, மூடி இறுக்கமில்லாத அமிலமற்ற அட்டைப் பெட்டியில், ஆவியை உறிஞ்சும் ஜியோலைட் கலந்த தாள்களோடு. உலோக உருவங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி பாலிஎத்திலீன் நுரைக் குழியில், சிலிக்கா ஜெல்லுடன். ஹார்ட்காப்பியும் ஃபோர்-அப்பும் அமிலமற்ற தாளில். அட்டை பாலியஸ்டர் உறையில். பிவிசி உறை எதற்கும் பயன்படுத்தவில்லை. அதிலிருந்து கசியும் மென்மையாக்கி, வண்ணத்தையும் பிசினையும் பிசுபிசுப்பாக்கும்.

அசிட்டேட்டை உறைபெட்டியில் வைக்கலாமா என்ற பேச்சு வந்தது. திரைப்படச் சுருளுக்கு அது நல்ல வழி. ஆனால் இது தகடு, பசை, பித்தளை ஊசி என்று மூன்று பொருள் சேர்ந்த அமைப்பு. குளிரில் மூன்றும் மூன்று அளவில் சுருங்கும், ஏற்கெனவே விட்ட விரிசல் ஓடிவிடும். 18 டிகிரி செல்சியஸ், 40 சதவீத ஈரப்பதம் உள்ள அறை போதும் என்று முடிவானது.

வாங்கியவர் வேறொரு யோசனையும் வைத்திருந்தார்: தரம் குறிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பி, எல்லாவற்றையும் ஒரே அக்ரிலிக் பேழையில் அடைத்து வாங்குவது. பார்வைக்கு அழகாக இருக்கும். இந்தப் பொருளுக்கு அது பரணில் இருந்த பெட்டியையே கண்ணாடிபோல் செய்து திரும்பக் கொடுப்பதற்குச் சமம். அவர் அதைக் கைவிட ஒரு வாரம் ஆனது.

என்ன கண்டோம்

சிதைவு எந்த அளவில் இருக்கிறது என்பதற்கு ஏ-டி பட்டைகள் வைக்கப்பட்டன. திரைப்படக் காப்பகங்களில் பயன்படும் நிறம் மாறும் தாள் இது. நீலம் நல்ல நிலை, பச்சை எச்சரிக்கை, மஞ்சள் மோசம். அளவுகோல் 0 முதல் 3 வரை, 1.5-ஐத் தாண்டினால் சிதைவு தன்னைத்தானே முடுக்கிக்கொள்ளும் கட்டம். ஒவ்வொரு பொருளையும் பட்டையோடு தனித்தனி உறையில் 24 மணி நேரம் வைத்ததில் அசிட்டேட் 2.5 காட்டியது. மற்றவை 0. அமிலம் வருவது ஒரே இடத்திலிருந்துதான் என்பது இதனால் உறுதியானது.

விரிசலிலிருந்து தானாக உதிர்ந்திருந்த துணுக்கு ஒன்றும் வெள்ளைப் பொடியில் கொஞ்சமும் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் அகச்சிவப்பு நிறமாலைக்கு (எஃப்டிஐஆர்) கொடுக்கப்பட்டன. துணுக்கில் அலை எண் (ஒரு சென்டிமீட்டருக்கு) 1,740, 1,230, 1,040 ஆகிய இடங்களில் செல்லுலோஸ் அசிட்டேட்டின் கோடுகள். பொடியில் 1,550-ஐ ஒட்டி அசிட்டேட் உப்பின் கோடு. இந்தச் சோதனை பொருள் என்ன என்று சொல்லும், வயது சொல்லாது. அசிட்டேட் தகடு இன்றும் விலைக்குக் கிடைக்கிறது. நிறமாலைத் தாளைக் காட்டி அசல் என்று விற்பவர்கள் உண்டு என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புற ஊதா விளக்கின் கதையும் அதேதான். 365 நானோமீட்டர் விளக்கில் தாள் நீலமாக ஒளிர்ந்தால் புதியது என்று ஒரு நம்பிக்கை. தாளில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் 1950-களிலேயே வந்துவிட்டது, 1982-இன் அட்டையும் ஒளிரும். இங்கே அந்த விளக்கு வேறு வகையில் உதவியது: ஹார்ட்காப்பியின் துடைத்த அடிப்பக்கத்தில், பிசினின் நுண்துளைகளில் தங்கிய மையால் இரண்டு எழுத்துகளின் நிழல் தெரிந்தது. எண் திரும்பக் கிடைக்கவில்லை.

அளவெடுத்ததில் வந்த முடிச்சு

வெளிவந்த பொம்மைக்கு மாதிரி என்று ஒன்று வந்தால் நேரடியான சோதனை இருக்கிறது. ஏபிஎஸ், பாலிஸ்டைரீன் நெகிழி வகைகள் அச்சில் குளிரும்போது 0.4 முதல் 0.7 சதவீதம் சுருங்கும். அதை ஈடுகட்ட மூலத்தைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வார்கள். எனவே அசல் ஹார்ட்காப்பி கடைப் பொம்மையைவிடப் பெரிதாக இருக்கும். கடைப் பொம்மையிலிருந்து அச்செடுத்த போலி அதைவிடச் சிறிதாக இருக்கும். நுண்ணளவு எடுக்கும் காலிப்பர் கருவி ஒன்று போதும்.

வெளிவராத தொகுப்புக்கு ஒப்பிடக் கடைப் பொம்மையே கிடையாது. இங்கே கைகொடுத்தது கோத்து விளையாடும் அமைப்பு. புதிய தொகுப்பும் பழையவற்றோடு பொருந்த வேண்டும், ஆகவே இணைப்புப் பகுதி மட்டும் பொதுவானது. வெளிவந்த பெஸ்பின் தளங்கள் நான்கை இரவல் வாங்கி இணைப்பை அளந்தார்கள். முதல் முயற்சியில் ஒரே ஒரு கொக்கியின் அகலம் அளக்கப்பட்டது. 12 மில்லிமீட்டர் அகலத்தில் 0.6 சதவீதம் என்பது 0.07 மில்லிமீட்டர். காலிப்பரின் பிழையும் கையின் அழுத்தமும் அதை விழுங்கிவிடும். மூன்று பேர் அளந்து மூன்று விடை வந்தது. பிறகு ஓர் இணைப்பின் வெளி ஓரத்திலிருந்து அடுத்ததன் வெளி ஓரம் வரை, நூறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நீளத்தில் ஐந்து முறை அளந்து சராசரி எடுத்தார்கள். ஹார்ட்காப்பி கடைத் தளத்தைவிட 0.5 சதவீதம் பெரிது. எதிர்பார்த்த பக்கம், எதிர்பார்த்த அளவு.

அசிட்டேட்டை அளந்தபோது குழப்பம் வந்தது. அது கடைத் தளத்தைவிட 0.6 சதவீதம் சிறிது. மேலோட்டமாகப் பார்த்தால் போலியின் அடையாளம். மொத்த நீளத்தில் ஹார்ட்காப்பி 182.9 மில்லிமீட்டர், அசிட்டேட் 180.8. அச்சில் வார்த்த படி மூலத்தைவிடக் கூடினால் சமமாக இருக்கும், பெரிதாக இருக்க வழியில்லை. பிள்ளை பிறந்தபோது தாயைவிட உயரமாக இருந்த கதை.

விடை வாடையிலேயே இருந்தது. அமிலத்தையும் மென்மையாக்கியையும் இழக்கும் அசிட்டேட் சுருங்குகிறது. அசலா என்று காட்ட வேண்டிய அளவையே சிதைவு மாற்றிவிட்டது. ஆனால் இந்த விளக்கம் நிற்க வேண்டுமானால் இரண்டும் உண்மையில் தாயும் பிள்ளையுமாக இருக்க வேண்டும். சாய்ந்த வெளிச்சத்தில் பத்து மடங்கு லென்ஸ் வைத்துத் தேடியதில், அசிட்டேட்டின் இடச்சுவர் உட்புறத்தில் அரம் வழுக்கிய தடம் ஒன்று, ஏணிபோல் நான்கு குறுக்குக் கீறல்களுடன் கிடைத்தது. அதே இடத்தில் அதே நான்கு கீறல், அதே இடைவெளி விகிதத்தில், ஹார்ட்காப்பியிலும். மூன்றாவது கீறல் பாதியில் நின்றுபோயிருந்தது, இரண்டிலும். இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. அடுக்கடுக்கான முப்பரிமாண அச்சுக் கோடு எங்கும் இல்லை. ஹார்ட்காப்பியின் ஓரத்தில் பிசின் ஊற்றிய வாயின் தழும்பும், மூலைகளில் சிறைப்பட்ட காற்றுக் குமிழ்களும் இருந்தன.

மீதி மூன்றும்

ஃபோர்-அப் உருவத்துக்கு ஒரே கேள்வி: நுணுக்கம் எந்தப் பக்கம் கூடுதல்? ஓரங்குல உலோக உருவத்தை ஸ்கேன் செய்து நான்கு மடங்காக்கினால் வண்ணத்தால் மழுங்கிய ஓரங்கள்தான் பெரிதாகும். இதில் சட்டை மடிப்பின் உள்ளே கத்தி போன தடம் தெளிவாக இருந்தது. உலோகத்தில் அந்த மடிப்பு வெறும் பள்ளம். அசல் என்பதற்குச் சாதகம்.

ஏழு உலோக உருவங்களில் ஐந்து, ஒரே நிலையில் நிற்கும் வெளிவராத உருவத்தின் சோதனை வார்ப்புகள். இரண்டு, கடையில் விற்ற உருவங்கள், வண்ணம் உரித்தவை. கால் இடுக்கில் வண்ணத்தின் மிச்சம் ஒட்டியிருந்தது. அந்த இரண்டின்மேல்தான் வெள்ளைப் பொடி இல்லை. முப்பது வருடம் ஒரே பெட்டியில் இருந்தால் பொடி ஆளைப் பார்த்துப் பிடிக்காது. பிற்காலத்தில் யாரோ சேர்த்திருக்கிறார்கள். அவை எங்கே கிடந்தன என்ற படம் இருந்திருந்தால் இந்த ஊகம் முடிவாகியிருக்கும்.

பின்புற அட்டை முப்பது மடங்கு லென்ஸில் அகப்பட்டது. 1982-இன் ஆஃப்செட் அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் பூவிதழ் வட்டங்களாக அமையும், அன்றைய கிரோமலின் சோதனைப் படியில் நிறத்தூள் படலங்கள் பளபளக்கும். இதில் இருந்தது இங்க்ஜெட் எந்திரம் தெளித்த ஒழுங்கற்ற பொட்டுகள். தொகுப்பு முழுமையாகத் தெரிய வேண்டும் என்று யாரோ அச்சடித்தது.

எடுத்த முடிவுகள்

அசிட்டேட்டைக் காப்பாற்ற முடியாது, வேகத்தைக் குறைக்கலாம். அதனால் அதன் வடிவத்தைப் பதிவு செய்வது முதல் வேலையானது. லேசர் ஸ்கேனருக்கு மினுக்கத்தை மறைக்கும் தூள் தெளிக்க வேண்டும், அதன் கரைப்பான் விரிசலுக்குள் இறங்கும். ஆகவே மினுக்கத்தை அடக்கும் குறுக்கு முனைவாக்க வடிகட்டி போட்டு, நான்கு அளவுகோல் பட்டைகள் வைத்து 240 படங்கள் எடுத்து முப்பரிமாண உருவம் கட்டப்பட்டது. சுருங்கிய அளவை ஹார்ட்காப்பியை வைத்துத் திருத்தாமல், இரண்டையும் உள்ளபடியே தனிக் கோப்புகளாக வைத்தார்கள்.

உலோக உருவங்களில் பொடி, மென்மையான தூரிகையாலும் மூங்கில் குச்சியாலும் உலர்வாக எடுக்கப்பட்டது. உப்பு நீரில் கரையும் என்பதால் கழுவத்தான் கை போகும். கரைந்த உப்பு உலோகத்தின் துளைக்குள் போய் மறுபடி அரிக்கத் தொடங்கும். மெழுகு பூசவில்லை, பிறகு யாராவது சோதிக்க வேண்டியிருந்தால் அது இடைஞ்சல்.

விரிசலை ஒட்டலாமா என்பதில் இருவருக்கு இரண்டு கருத்து. சுருங்கிக்கொண்டிருக்கும் சுவரை இறுக்கிப் பிடித்தால் வேறொரு இடத்தில் கிழியும் என்ற தரப்பு ஜெயித்தது. நுரைத் தாங்கி மட்டும் செதுக்கி வைத்தார்கள்.

பின்னர் நடந்தது

எட்டாவது மாதம் அந்தச் சுவர் மூலையோடு பிரிந்து விழுந்தது. தாங்கியின்மேல் விழுந்ததால் நொறுங்கவில்லை. ஏ-டி பட்டை அப்போது 2-க்கு வந்திருந்தது. காற்றோட்டத்தால் ஆவி குறைந்தது, சிதைவு நிற்கவில்லை என்றுதான் இதைப் படிக்க வேண்டும். ஐந்து உருவங்களில் புதிய பொடி வரவில்லை.

வாங்கியவர் பின்னர் விற்க முடிவு செய்தார். ஸ்டார் வார்ஸ் பாத்திரமான போபா ஃபெட்டின் ராக்கெட் பாயும் மாதிரி ஒன்று 2024-இல் 5,25,000 டாலருக்கு ஏலம் போன பிறகு, மாதிரி என்ற சொல்லைக் கேட்டாலே விலை கேட்பவர்கள் அதிகம். முழுத் தொகுப்பு என்று எழுதினால் நல்ல விலை தருவதாக ஒருவர் சொன்னார். பெட்டியை வாங்கியவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து வரிகளாகப் பிரித்து எழுதினார்: அசிட்டேட்டும் ஹார்ட்காப்பியும் இணை என்பதற்கு ஆதாரம் உண்டு, ஃபோர்-அப் சாதகமான தடயங்களுடன், ஐந்து சோதனை வார்ப்புகள் அரிப்புடன், இரண்டு உருவங்கள் பிற்காலச் சேர்க்கை, அட்டை புதியது. கேட்ட விலையைவிடக் குறைவாகப் போனது. அட்டையையும் அந்த இரண்டு உருவங்களையும் அவர் விற்கவில்லை.

மாற்ற வேண்டியவை

மூடியைத் திறந்தவுடன், எதையும் தொடும் முன், மேலிருந்தும் நான்கு பக்கத்திலிருந்தும் அளவுகோலோடு படம். உருவங்கள் எங்கே கிடந்தன என்ற இழந்த தடயத்துக்கு இதுதான் மருந்தாக இருந்திருக்கும். மூலத்தின்மேல் ஈரம் எதுவும் வேண்டாம், ஆல்கஹால் என்ன, ஈரத்துணியே வேண்டாம்.

அளவெடுப்பு மூன்றாவது வாரம் நடந்தது. அசிட்டேட்டைக் கண்ட அன்றே அளந்து, பிறகு மாதம் ஒருமுறை அளந்திருந்தால் சுருங்கும் வேகம் கையில் இருந்திருக்கும், 2.1 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு விளக்கம் ஊகமாக இல்லாமல் எண்ணாக இருந்திருக்கும். விற்ற குடும்பத்திடம் பட்டறையில் எந்த வருடங்களில் வேலை, யாரோடு, பெட்டியை இடையில் யார் திறந்தார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கேட்கப் போனபோது வீடு கைமாறி, அவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

புதிய உரிமையாளர் அசிட்டேட்டையும் ஹார்ட்காப்பியையும் ஒரே அலமாரியில் வைக்கலாமா என்று கேட்டார். நடுவில் ஒரு தட்டு காலியாக விட்டு, கதவைத் திறந்து வைக்கச் சொல்லப்பட்டது.